அரியத்தின் இருதொழில்

கண்ணாடிக் கட்டையொன்றை, ஒன்றுக்கொன்று சாய்ந்த தட்டையான முகங்கள் அமையுமாறு தீட்டினால் அஃது அரியம் எனப்படும். வெண்ணொளியை ஏழு நிறங்களாகப் பிரிக்கும் கருவி அது என்பதே மாணவர் மனத்திற் பெரும்பாலும் பதிந்துள்ள செய்தி. அச்செய்தி உண்மையே, ஆயினும் பாதி உண்மை. ஒளியைப் பிரித்தல் அரியத்தின் ஒரு தொழில். ஒளியைப் பிரியாமற் காத்து வேண்டிய திசைக்குத் திருப்பிவிடுதல் அதன் மற்றொரு தொழில். ஒன்றற்கொன்று மாறாகத் தோன்றும் இவ்விரு தொழில்களுக்கும் வேர் ஒன்றேயாம். கதிர் எந்த முகத்தின்மீது எந்தக் கோணத்தில் விழுகின்றது என்பதே அரியம் எத்தொழிலைச் செய்யும் என்பதைத் தீர்மானிக்கின்றது.

திருக்கோணமலைக் குடாவும், அதன் வடக்கே நிலாவெளி, குச்சவெளி, புல்மோட்டை என நீளும் கரையும் இவ்விடயத்தோடு நெருங்கிய தொடர்புடையவை. 1863ஆம் ஆண்டில் குடாவின் வாயிலிற் கலங்கரை விளக்குகள் ஏற்றப்பட்டன. எட்டு ஆண்டுகளின் பின்னர், 1871 டிசெம்பர் 12ஆம் நாள், முழுச் சூரிய கிரகணத்தின்போது சூரியனின் ஒளியை அரியத்தாற் பிரித்து நோக்க அறிஞர் திருக்கோணமலைக்கு வந்தனர். குச்சவெளிப் பிரதேசத்தின் வடபால் உள்ள புல்மோட்டைக் கரையிலோ, ஒளியைப் பிரிக்கும் ஆற்றலில் வைரத்தையும் விஞ்சும் கனியமொன்று கரிய மணலோடு கலந்து கிடக்கின்றது. இம்மூன்றையும் இணைத்து நோக்கின் அரியத்தின் இயல்பு தெளிவாகும்.

ஒளி முறியும் வகை

களப்பில் ஊன்றிய கம்பு நீர்மட்டத்தில் ஒடிந்ததுபோலத் தோன்றுவதை மீனவச் சிறுவரும் அறிவர். நீரினின்று வெளிப்படும் ஒளி நேர்வழியை விட்டுத் திரும்பிக் கண்ணை அடைவதே இதற்குக் காரணம். இதனை ஒளிமுறிவு என்பர்.

ஒளி ஏன் திரும்புகின்றது? வெற்றிடத்தில் அது செக்கனுக்கு ஏறத்தாழ 3,00,000 கிலோமீற்றர் செல்லும். வளியிலும் அவ்வேகம் மிகச் சிறிதளவே குறையும். கண்ணாடியிலோ அஃது ஏறத்தாழ 2,00,000 கிலோமீற்றராகத் தளர்கின்றது. இறுகிய வீதியில் வரும் மாட்டுவண்டி சாய்வாக மணலில் இறங்கும்போது, முதலில் மணலைத் தொட்ட சில்லுத் தளர, மறுசில்லு முன்போலவே உருள, வண்டி தளர்ந்த சில்லின் பக்கம் திரும்பும். ஒளிக்கற்றையும் அவ்வாறே. அதன் ஒரு விளிம்பு கண்ணாடியை முன்னர்த் தொட்டுத் தளர்வதாற் கற்றை முழுவதும் செவ்வனை நோக்கித் திரும்புகின்றது. நேர்குத்தாக இறங்கும் வண்டி தளருமேயன்றித் திரும்பாது; செங்குத்தாக விழும் கதிரும் அத்தகையதே.

வெற்றிடத்தில் ஒளியின் வேகத்தைக் கண்ணாடியில் அதன் வேகத்தால் வகுக்க வரும் எண் முறிவுச்சுட்டி. சாதாரணக் கண்ணாடிக்கு அஃது ஏறத்தாழ 1.5, நீருக்கு 1.33, வைரத்துக்கு 2.42. இவ்வெண் பெரிதாகுந்தோறும் கதிர் மிகுதியாகத் திரும்பும்.

நிறங்கள் பிரிதல்

முறிவுச்சுட்டி எல்லா நிறத்துக்கும் ஒன்றன்று. ஒருவகைக் கண்ணாடியிற் செந்நிற ஒளிக்கு அது 1.514 எனின், ஊதா ஒளிக்கு 1.530 ஆகும். அஃதாவது, கண்ணாடிக்குள் ஊதா ஒளி செந்நிற ஒளியினும் செக்கனுக்கு ஏறத்தாழ 2,000 கிலோமீற்றர் பின்தங்குகின்றது; ஆதலால் அது மிகுதியாக முறிகின்றது. இச்சிறு வேறுபாடே வானவில்லுக்கும் நிறமாலைக்கும் மூலம்.

அங்ஙனமாயின் யன்னற் கண்ணாடியூடாகப் பார்க்கும்போது உலகம் நிறம்நிறமாகத் தோன்றாதது ஏன்? யன்னற் கண்ணாடியின் இரு முகங்களும் சமாந்தரமானவை. முதல் முகத்திற் கதிர் எவ்வளவு திரும்பியதோ அவ்வளவுக்கு இரண்டாம் முகத்தில் எதிர்ப்புறம் திரும்பிப் பழைய திசையை அடைகின்றது. எல்லா நிறங்களும் மீண்டும் ஒரே திசையிற் செல்வதாற் கண் பிரிவினை உணர்வதில்லை. அரியத்திலோ முகங்கள் சாய்ந்திருப்பதால், முதல் முகத்தில் ஏற்பட்ட திரும்பலோடு இரண்டாம் முகத்தின் திரும்பலும் கூடுகின்றது. நிறங்களின் பிரிவும் வளர்கின்றது. மேலே கூறிய கண்ணாடியில் 60 பாகைக் கோணமுள்ள அரியத்தைத் தீட்டி, மிகக் குறைந்த விலகலுக்கு அமைத்தால், செந்நிறம் 38.4 பாகையும் ஊதா 39.8 பாகையும் விலகும். வேறுபாடு ஒன்றரைப் பாகைக்குச் சற்றுக் குறைவு. ஐந்து மீற்றர் தொலைவிலுள்ள சுவரில் இவ்வேறுபாடு ஏறத்தாழ 12 சென்ரிமீற்றராக விரியும்.

அரியம் நிறங்காட்டும் என்பது நியூற்றனுக்கு முன்னரே அறியப்பட்டதுதான். ஆயினும், கண்ணாடியே ஒளிக்கு நிறம் ஊட்டுகின்றது என்று பலர் எண்ணினர். நியூற்றன் 1666இல் தொடங்கி, 1672இல் வெளியிட்ட ஆய்வின் சிறப்பு, அவர் நிறத்தைக் கண்டு வியந்ததோடு நில்லாது உருவத்தை அளந்தமையே. யன்னலின் சிறு துளையூடாக வந்த சூரிய ஒளியை அரியத்தின் வழியே 22 அடி தொலைவிலுள்ள சுவரில் வீழ்த்தினார். சூரியன் வட்டமானதாதலின் உருவமும் வட்டமாதல் வேண்டும். சுவரில் விழுந்ததோ 2 5/8 அங்குல அகலமும் 13 1/4 அங்குல நீளமும் கொண்ட நீளுரு. அகலம் சூரியவட்டத்தின் கணக்குக்குப் பொருந்திற்று. நீளமோ அகலத்தின் ஐந்து மடங்காயிற்று. இந்நீட்சிக்குக் காரணம் தேடியே, வெவ்வேறு நிறக்கதிர்கள் வெவ்வேறு அளவில் முறிகின்றன என்னும் முடிவுக்கு அவர் வந்தார். பின்னர், பிரிந்த ஒளியில் ஒரு நிறத்தை மட்டும் தனித்தெடுத்து இரண்டாம் அரியத்தூடு செலுத்தினார். அது மேலும் புதிய நிறங்களைத் தரவில்லை. பிரிந்த நிறங்களை ஒன்றுகூட்டியபோது வெண்மை மீண்டது. கண்ணாடி நிறத்தை ஆக்கவில்லை. உள்ளதைப் பிரித்துக் காட்டியது என்பது இவ்வாறு நிலைநாட்டப்பட்டது.

கதிர் திரும்புதல்

இனி இரண்டாம் தொழிலை நோக்குவோம். கண்ணாடிக்குள்ளிருந்து வளிக்கு வெளிப்படும் கதிர் செவ்வனைவிட்டு விலகித் திரும்பும். உள்ளே படுகோணம் வளர வளர வெளியேறும் கதிர் மேலும் மேலும் சாய்ந்து, ஈற்றில் முகத்தைத் தடவிச் செல்லும் நிலையை அடையும். அந்நிலைக்குரிய கோணம் அவதிக் கோணம். முறிவுச்சுட்டி 1.5 ஆயின் அது 41.8 பாகை. அதற்கு மேற்பட்ட கோணத்தில் விழும் கதிருக்கு வெளியேற வழியில்லை. அது முழுவதும் உள்ளேயே தெறிக்கின்றது. இது முழு அகத்தெறிப்பு.

நிலாவெளிக்கு எதிரேயுள்ள புறாத்தீவின் பவளப் பாறைகளிடையே மூழ்குவோர் இதனைக் கண்ணாரக் காணலாம். நீருக்கு அவதிக் கோணம் 48.6 பாகை. கடலின் மேற்பரப்பு அமைதியாயிருக்கும்போது கீழிருந்து அண்ணாந்து நோக்குபவருக்கு வானம் முழுவதும் தலைக்கு மேலுள்ள ஒரு வட்டச் சாளரத்துள் அடங்கிவிடும். அச்சாளரத்துக்கு அப்பால் நீர்ப்பரப்பு வெள்ளிக் கண்ணாடிபோல மின்னிக் கடலடியைக் காட்டும்.

இருசமபக்கச் செங்கோண அரியமொன்றின் சிறிய முகத்திற் செங்குத்தாக விழும் கதிர் திரும்பாமல் உட்புகுந்து, பெரிய முகத்தை 45 பாகையிற் சேரும். அஃது அவதிக் கோணத்தினும் பெரிதாதலாற் கதிர் முழுவதும் தெறித்து, மற்றைச் சிறிய முகத்தின் வழியே மீண்டும் செங்குத்தாக வெளியேறும். கதிர் 90 பாகை திரும்பிவிட்டது, நிறமோ பிரியவில்லை. புகும் இடத்திலும் வெளியேறும் இடத்திலும் முறிவு இல்லாமையே காரணம். கதிர் சற்றுச் சாய்ந்து புகுந்தாலும் குறையில்லை. தெறிப்பு முகத்தை ஒரு மடிப்பாகக் கொண்டு அரியத்தை மனத்தால் விரித்துப் பார்த்தால், அது சமாந்தர முகங்கள் கொண்ட கண்ணாடிக் குற்றியாகும். யன்னற் கண்ணாடிக்குக் கூறிய நியாயமே இதற்கும் பொருந்தும்.

வெள்ளி பூசிய ஆடியினும் இவ்வரியம் சிறந்தது. ஆடி ஒளியின் ஒரு பகுதியை உறிஞ்சிவிடும். உப்புக்காற்றில் அதன் பூச்சுக் கறுக்கும். முழு அகத்தெறிப்பிலோ தெறிக்கும் முகத்தில் இழப்பில்லை. கறுப்பதற்குப் பூச்சும் இல்லை. இருகண் தொலைநோக்கியிலும் நீர்மூழ்கிக் கப்பலின் சுற்றுநோக்கியிலும் அரியம் இடம்பெற்றமைக்கு இதுவே காரணம்.

துறைமுக வாயிலின் விளக்குகள்

கரையோரத்தில் தீ வளர்த்து மரக்கலங்களுக்கு வழிகாட்டும் வழக்கம் தமிழர்க்குப் பழையது. பெரும்பாணாற்றுப்படையிலும் சிலப்பதிகாரத்திலும் கலங்கரை விளக்கம் பேசப்படுகின்றது. ஆயினும் திறந்த தீக்கு ஒரு குறையுண்டு. அதன் ஒளி எல்லாத் திசையிலும் பரவுகின்றது. கடலோடிக்குப் பயன்படுவது அடிவானத்தை நோக்கிச் செல்லும் ஒளி மட்டுமே. எல்லாப் புறமும் சமமாக ஒளிரும் விளக்கொன்றிலிருந்து, கிடைமட்டத்துக்கு மேலும் கீழும் 5 பாகைக்குள் செல்லும் ஒளி மொத்தத்திற் பத்திலொன்றினும் குறைவு. எஞ்சியது வானுக்கும் நிலத்துக்கும் வீணாகின்றது.

வீணாகும் ஒளியை வில்லையாற் குவித்து அடிவானத்துக்கு அனுப்பலாம். ஆனால் ஆளுயர வில்லை மிகத் தடிப்பாகவும் பாரமாகவும் இருக்கும். அதன் தடிப்பே ஒளியை உறிஞ்சும். பிரான்சிய அறிஞர் ஒகஸ்தீன் பிரெனல், முறிவு நிகழ்வது பரப்பிலேயன்றி உள்ளே இல்லை என்னும் உண்மையைப் பயன்படுத்தினார். பரப்பின் சாய்வுகளை மட்டும் வைத்துக்கொண்டு நடுவிலுள்ள பயனற்ற கண்ணாடியை நீக்கினால், வில்லை பல வளைய அரியங்களின் தொகுதியாகிவிடும். அவருடைய வில்லை 1823இல் பிரான்சின் கோர்துவான் கலங்கரை விளக்கில் ஏற்றப்பட்டது.

இவ்வகை வில்லையின் முழு வளர்ச்சியில் அரியத்தின் இருவகைத் திரும்பலும் பயன்பட்டன. விளக்குக்கு எதிரேயுள்ள நடுவளையங்கள் கதிரைச் சிறிதளவே திருப்ப வேண்டியவை. அவற்றுக்கு முறிவே போதும். மேலேயும் கீழேயும் உள்ள வளையங்களோ செங்குத்தாகச் செல்லும் கதிர்களையும் அடிவானத்துக்குத் திருப்ப வேண்டும். அத்துணைப் பெரிய திரும்பலை முறிவால் மட்டும் செய்யின் ஒளி இழப்பு மிகும், நிறமும் பிரியும். ஆகையால் அவ்வளையங்களில் கதிர் ஒரு முகத்தாற் புகுந்து, மறுமுகத்தில் முழுவதும் தெறித்து, மூன்றாம் முகத்தால் வெளியேறுமாறு அரியங்கள் தீட்டப்பட்டன. பெருந்திரும்பல் தெறிப்பால் நிகழ, வெண்மை பெரும்பாலும் காக்கப்பட்டது.

திருக்கோணமலைக் குடாவில் 1863இல் இரு விளக்குகள் நிறுவப்பட்டன. ஒன்று உள்துறைமுகத்தின் வழியிலுள்ள ரவுண்ட் தீவிலும், மற்றொன்று கொட்டியாரக் குடாவின் வாயிலில் தென்கிழக்கே உள்ள பவுல் முனையிலும் அமைந்தன. பவுல் முனைக் கோபுரம் ஏறத்தாழ 32 மீற்றர் உயரமுடையது. பூமியின் வளைவைக் கணக்கிட்டால், அவ்வுயரத்திலுள்ள விளக்கின் அடிவானம் 20 கிலோமீற்றர். வள்ளத்தில் இருப்பவரின் கண் நீர்மட்டத்துக்கு ஒன்றரை மீற்றர் மேலிருப்பின் இன்னும் 4 கிலோமீற்றர் கூடும். எனவே குச்சவெளிக் கடலிலிருந்து தெற்கே வரும் வள்ளம், நிலாவெளிக்கு எதிரேயுள்ள கடலை அடையும் அளவில் அவ்விளக்கின் எல்லைக்குள் வரும். கோபுரத்தின் உயரம் எல்லையை வகுக்க, ஒளி அவ்வெல்லைவரை மங்காது சென்று சேர்வது கண்ணாடியின் திறத்தைப் பொறுத்ததாயிற்று. இரவில் மீன்பிடித்துக் கரை திரும்புபவருக்கு இஃது உயிரோடு தொடர்புடைய கணக்கு.

பவுல் முனை விளக்கு உள்நாட்டுப் போர்க்காலத்திற் பழுதுற்று ஒளி இழந்தது. இன்று மாலுமிகள் செய்மதிக் கருவிகளால் இடமறிகின்றனர், எல்.ஈ.டி. விளக்குகள் சிறு மின்வலுவில் ஒளிர்கின்றன. ஆயினும் அவ்விளக்குகளைச் சூழ்ந்த வில்லைகளிலும் பிரெனலின் வளையங்களைக் காணலாம்.

கிரகணமும் நிறமாலையும்

துறைமுக விளக்குகளில் நிறம் பிரிதல் தவிர்க்கவேண்டிய குறை. வானாராய்ச்சியிலோ அதுவே தேடவேண்டிய பயன். ஒடுங்கிய பிளவொன்றின் வழியே ஒளியைச் செலுத்தி, வில்லையாற் சமாந்தரமாக்கி, அரியத்தாற் பிரித்து, சிறு தொலைநோக்கியால் நோக்கும் கருவி நிறமாலைகாட்டி. சூடேறிய வாயு ஒவ்வொன்றும் தனக்கே உரிய நிறக்கோடுகளை அதிற் காட்டும். எட்டாத் தொலைவிலுள்ள பொருளின் இயைபை இக்கோடுகளால் அறியலாம்.

1868 ஓகத்து 18ஆம் நாள் முழுக்கிரகணத்தை யான்சன் குண்டூரிலிருந்தும், சென்னை அரசின் வானியலாளர் பொக்சன் மசூலிப்பட்டினத்திலிருந்தும் நிறமாலைகாட்டியால் நோக்கினர். சூரியனின் விளிம்பில் எழும் சுவாலைகள் வெப்பவாயுவே என்பது தெளிவாயிற்று. அச்சுவாலைகளின் ஒளியிற் காணப்பட்ட மஞ்சட்கோடு பூமியில் அறிந்த எப்பொருளுக்கும் பொருந்தவில்லை. அதற்குரிய மூலகத்துக்கு ஈலியம் எனப் பெயரிட்டனர். 1895இலேயே அது பூமியில் இராம்சேயாற் கண்டறியப்பட்டது.

1871 டிசெம்பர் 12ஆம் நாள் கிரகணத்தின் நிழல் நீலகிரியைக் கடந்து யாழ்ப்பாணம், திருக்கோணமலை ஆகிய இடங்களின்மேற் சென்றது. இடையிலுள்ள குச்சவெளிக் கரையும் அந்நிழலுக்குள் அமைந்தது. பிரித்தானிய ஆய்வுக் குழுவினருள் ஒருவரான ஹென்றி நொற்றிச் மோசிலி திருக்கோணமலையில் நின்று நிறமாலை நோக்கல்களைச் செய்தார். அக்காலத்து ஆய்வாளரின் முதன்மையான வினா, கறுத்த சூரியவட்டத்தைச் சூழ்ந்து தோன்றும் முடியொளியின் தன்மை யாது என்பது. முடியொளியின் பச்சைக்கோடு ஈலியத்தின் மஞ்சட்கோட்டைப்போலவே புதிய மூலகமொன்றைச் சுட்டுகின்றது எனப் பலர் நம்பினர். அந்நம்பிக்கை 1940களிற் பொய்த்தது. பத்துலட்சம் பாகை அளவான வெப்பத்தில் இலத்திரன்கள் பலவற்றை இழந்த இரும்பே அக்கோட்டைத் தருகின்றது என்பது அப்போது நிறுவப்பட்டது. அரியம் பொய் கூறவில்லை. கோட்டின் பொருளை மனிதர் அறிந்துகொள்ள எழுபது ஆண்டுகள் சென்றன.

மோசிலி பின்னர் சலஞ்சர் கப்பலிற் கடலாராய்ச்சிக்குச் சென்று புகழ்பெற்றார். அவருடைய மகன் ஹென்றி மோசிலி 1913இல் எக்ஸ்-கதிர் நிறமாலைகளை அளந்து, மூலகங்களின் வரிசைக்கு அணுவெண்ணே அடிப்படை எனக் காட்டி, 1915இல் கலிப்போலிப் போரில் இளமையிலேயே மாண்டார். தந்தை சூரியனின் நிறமாலையை நோக்கிய குடும்பத்தில், மகன் அணுவின் நிறமாலையை அளந்தமை குறிப்பிடத்தக்கது.

கரிய மணலும் வெண்பூச்சும்

குச்சவெளிப் பிரதேசத்தின் புல்மோட்டைக் கரையில் அலைகள் ஒதுக்கும் கரிய மணலிற் பெரும்பகுதி இல்மனைற்று. அதனோடு உரூத்தைலும் சிர்க்கோனும் கலந்துள்ளன. இம்மணலைப் பயன்படுத்த 1957இல் அரச கூட்டுத்தாபனம் அமைக்கப்பட்டது.

உரூத்தைல் என்பது தைத்தானியத்தின் ஒட்சைட்டு. அதன் முறிவுச்சுட்டி 2.6க்கு மேற்பட்டது, வைரத்தினதோ 2.42. நிறங்களைப் பிரிக்கும் ஆற்றலில் அது வைரத்தை ஆறு மடங்கு விஞ்சும். இயற்கையிற் கிடைப்பது இரும்புக் கலப்பாற் செம்மையோடிக் கறுத்திருத்தலின் அதன் ஒளித்திறம் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. 1940களின் இறுதியிற் செயற்கையாக வளர்க்கப்பட்ட தூய உரூத்தைற் பளிங்குகள் வைரத்துக்கு மாற்றாக அணியப்பட்டன. அரியங்களாகவும் அவை வெட்டப்படுகின்றன.

அதனினும் வியப்பானது, இக்கரிய மணலே மிக வெண்மையான பூச்சுக்கு மூலமாதல். மணலிலிருந்து பெறும் தைத்தானிய ஈரொட்சைட்டை நுண்டூளாக்கி, முறிவுச்சுட்டி ஏறத்தாழ 1.5 ஆன நெய்யிற் கலந்தால், ஒவ்வொரு துணிக்கையின் எல்லையிலும் ஒளி வன்மையாகத் திசைதிரும்பும். கோடிக்கணக்கான துணிக்கைகளுக்கிடையே திரும்பித் திரும்பி, எந்நிறமும் உறிஞ்சப்படாமல் எல்லா நிறங்களும் ஒன்றாய்க் கலந்து வெளியேறுதலின் பூச்சு வெண்மையாகத் தோன்றுகின்றது. ஓர் அரியம் நிறங்களைப் பிரிக்கும். எண்ணிறந்த துணிக்கைகள் அவற்றைக் கலந்து வெண்மையாக்கும். இரண்டும் முறிவின் செயலே.

பிரித்தெடுத்த இக்கனியங்கள் பெரும்பாலும் மூலப்பொருளாகவே பிறநாடு செல்கின்றன; பூச்சாகவும் பிற பண்டங்களாகவும் பன்மடங்கு விலையில் திரும்பி வருகின்றன. இவ்விடைவெளியை நிரப்பப் பணமும் பொறியும் வேண்டும். அவற்றுக்கு முன், மணலுள் இருப்பது யாதென அறிந்த மக்கள் வேண்டும்.

அவ்வறிவு தொடங்கவேண்டிய இடம் பள்ளி. அரியத்தின் படத்தை வரைந்து நிறங்களின் பெயரை மனனஞ்செய்யும் மாணவருட் பலர் அரியத்தைக் கண்டதில்லை. கண்ணாடி அரியம் இல்லாத பள்ளியிலும் ஒரு வழியுண்டு. அகன்ற தட்டில் நீர் ஊற்றி, சிறிய முகக்கண்ணாடியொன்றை நீருட் பாதி அமிழச் சாய்த்து வைத்து, யன்னல் வழியே வரும் காலை வெயில் அமிழ்ந்த பகுதியில் விழுமாறு செய்க. நீரின் மேற்பரப்புக்கும் சாய்ந்த ஆடிக்கும் இடையிலுள்ள நீர் அரியமாகத் தொழிற்பட்டு, எதிர்ச்சுவரில் அல்லது வெண்தாளில் நிறமாலையை வீழ்த்தும். நீர் அசைந்தால் நிறங்கள் கலையும், அமைதியானால் மீளும். சூரியன் நேரே கண்ணிற் படாதவாறு மாணவரை ஒதுங்கி நிற்கச் செய்தல் வேண்டும். பின்னர் அந்நிறமாலையின் நீளத்தையும் அகலத்தையும் அளவுகோலால் அளந்து, வட்டமான சூரியன் நீளுருவானது ஏன் என்று வினவுக. நியூற்றன் தமக்குத்தாமே விடுத்த வினாவும் அதுவே. குச்சவெளியின் வகுப்பறையொன்றிலும் அவ்வினாவைத் தொடங்க ஒரு தட்டு நீரும் ஒரு சிறு கண்ணாடியும் போதும்.